தூக்கத்தில் முனகும் ஆள்

மச்சினன் வந்தபோது நான் என் மனைவியின் செருப்புகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து திரும்ப வாசலுக்கு. ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்கிற வேலை. அவன் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல உள்ளே வந்தான். ஏ.சி. பழுது பார்ப்பவன். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான்.

"மாமா, எங்க ரெக்கார்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்கும்ல?"

அவனிடம் இருந்தவை பரணில் தண்ணீர் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன என்றான். அவனுடைய இசைக்குழுவில் மற்ற மூவரும் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். யாரிடமும் கேட்க முடியவில்லை. அதில் அக்காவின் குரல் இருக்கிறது, ஒருமுறை கேட்கவேண்டும்.

இருக்கிறது என்றேன். ஆனால் எடுக்க எழவில்லை.

நான் எடைக்கருவிகளைச் சோதிப்பவன். கடை கடையாக, கிடங்கு கிடங்காகப் போய், முத்திரையிட்ட எடைக்கற்களைத் தட்டில் வைத்து, முள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது என் உத்தியோகம். மற்ற நேரத்தில் ஹார்ட்கோர் பங்க் இசைத்தட்டுகளைப் பற்றி இணையத்தில் எழுதுவேன். பெரிய நிறுவனங்கள் வெளியிடுபவை அல்ல. நாலு பேர் சேர்ந்து, கைக்காசில் பதிவுசெய்து, அட்டையைத் தாங்களே மடித்து ஒட்டி, இருநூறு பிரதி போடுகிற தட்டுகள். ஒரு நிமிடப் பாட்டு, தொண்டை கிழியக் கத்தல், மூச்சு வாங்குவதற்குள் அடுத்த பாட்டு. என் புனைபெயர் முள். என்னைப் படிப்பவர்கள் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு குழுவில் வாசிப்பவர்கள். அதனால் என் சொல்லுக்குத் தகுதிக்கு மீறிய எடை இருந்தது.

எனக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு. கித்தார் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கவேண்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டும் பாட்டோடு ஒரு மன்னிப்புக் கடிதமும் வைக்கவேண்டும். பாடகர் கோபமாக இருப்பது போதாது, எதன்மேல் கோபம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு விதியும் வைத்திருந்தேன். தட்டைக் கேட்டு முடிக்கும்வரை உள்ளே இருக்கும் காகிதத்தைப் படிக்கமாட்டேன். யார் வாசித்தார்கள், யாருக்கு நன்றி சொன்னார்கள் என்பதெல்லாம் காதைக் கெடுக்கும். பிடிக்காத தட்டென்றால் கேட்ட பிறகும் படிக்கமாட்டேன்.

அவள் என்னை எடைக்கல்லு என்று கூப்பிடுவாள். "ஆபீஸ்லயும் தட்டு, முள்ளு. வீட்டுக்கு வந்தாலும் தட்டு, முள்ளு. ஊர்ல இருக்கிற எல்லாரும் தராசுல ஏறணும், எடைக்கல்லு மட்டும் ஏறாது."

தம்பியின் தட்டை அவள்தான் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கடைசிப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். முகத்தில் ஏதோ ஒளித்துவைத்த களை. நான் அதை எடைபோடவில்லை.

பெரிய தட்டு என்றால் நிமிடத்துக்கு முப்பத்துமூன்று சுற்று. சின்னத் தட்டு என்றால் நாற்பத்தைந்து. பெரும்பாலும். அது பெரிய தட்டு. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் வேகம் போடவில்லை. நான் முப்பத்துமூன்றில் ஓடவிட்டேன். கனமாக, இழுத்து இழுத்து வந்தது. இப்படி மெதுவாக வாசிப்பதும் ஒரு பாணிதான். பையன்கள் அதில் இறங்கி மூழ்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவன் மச்சினன் என்பதற்காக ஒரு சொல்லையும் குறைக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். குறைக்கவில்லை. இரண்டைக் கூட்டினேன்.

எழுதியது இப்போதும் மனப்பாடம். 'இது ஹார்ட்கோர் அல்ல, ஈரப் போர்வையைத் துவைக்கிற சத்தம். டிரம்ஸ் அடிப்பவர் ஒவ்வோர் அடிக்கும் வீட்டுக்குப் போய் அனுமதி வாங்கி வருகிறார். பதினெட்டு நிமிடம் பதினெட்டு வருடமாகப் போனது. கடைசிப் பாட்டின் முடிவில் தூக்கத்தில் முனகும் அந்த ஆள் யார்? யாராவது எழுப்பி வீட்டுக்கு அனுப்புங்கள்.'

டிரம்ஸ் அடித்தவன் மச்சினன்.

மறுநாள் காலை அவள் சமையலறையில் நின்றபடி கைபேசியில் அதைப் படித்தாள். நான் பார்த்தேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைச் சின்னதாக்கினாள். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் இன்னும் வந்திருக்கவில்லை. அந்தத் தட்டு பிளேயரின் சுழல்பலகைமேல் இருந்தது. வேகத் திருகு நாற்பத்தைந்தில் இருந்தது. துண்டுச்சீட்டு, குறிப்பு எதுவும் இல்லை.

முள்ளை வைத்தேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி. நான் ஒன்பது வருடமாக எல்லாக் குழுக்களிடமும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் எல்லாக் கருவியும் நின்று, ஒரு பெண் தனியாகக் கத்தினாள். "நகர மாட்டேன்! நகர மாட்டேன்!" நான்கு நொடி. பேருந்து நெரிசலில் பின்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை காதில் விழுந்தாலே நான் கண்டுபிடித்துவிடுகிற குரல்.

அவள் வந்ததும் கேட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எழுதுவீங்கல்ல? ஒரு வரி போதும்."

இரண்டு நாளில் எழுதுகிறேன் என்றேன். அதற்குள் 'ஈரப் போர்வை' பிரபலமாகிவிட்டது. யாருக்காவது ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டார்கள். அதனால் மச்சினன் குழுவுக்கு ஒத்துக்கொண்டிருந்த இரண்டு நிகழ்ச்சிகள் கைவிட்டுப்போயின. இப்போது நான் திருத்தினால் ஒன்பது வருடத்தில் எடைபோட்ட அத்தனையையும் சந்தேகப்படுவார்கள். எந்த வேகத்தில் கேட்டாய் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பார்கள். கொஞ்சம் ஆறட்டும் என்று தள்ளினேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை. பதினொரு மாதம் ஆறப்போட்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய அலுவலகத்துப் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். மூளையில் ரத்தக் கசிவு. நான் போவதற்குள் முடிந்திருந்தது.

வீடியோ எடுத்தால் கையால் முகத்தை மூடிக்கொண்டு பேசாமல் நிற்பவள். யாருக்கும் குரல்செய்தி அனுப்பமாட்டாள், தட்டச்சுதான். அவள் குரலென்று மிச்சம் இருப்பது அந்த நான்கு நொடி. ஏழு மாதமாக நான் அதைத் தொடவில்லை.

மச்சினன் தானாகவே அலமாரிக்குப் போய் எடுத்துவிட்டான். எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. உறைக்குள் விரலை விட்டு, நாலாக மடித்த காகிதத்தை உருவினான். நான் பிரித்தே பார்க்காத காகிதம். பிரித்து மேசையில் நீவினான். அவளுடைய கையெழுத்தை நகலெடுத்திருந்தார்கள். மேலே, கொட்டை எழுத்தில்: '45-ல் சுற்றவும்.' கீழே, கடைசி வரியில்: 'கடைசிக் கத்தல் – அக்கா.'

சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. சொல்வதற்குத் தண்ணீர் குடிக்கவேண்டியிருந்தது.

"மாப்ள, நான் அத தப்பான வேகத்துல கேட்டுட்டேன்."

"தெரியும் மாமா."

அவன் குரலில் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளரிடம் ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

நான் எழுதிய அரை மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். தட்டின் மொத்த நீளம் பதிமூன்றேகால் நிமிடம். நான் பதினெட்டு என்று எழுதியிருந்தேன். கித்தார் வாசித்தவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தானாம், பிறகு நாலு பேருக்கும் கோபம் வந்ததாம். முள்ளின் மானத்தை இணையத்தில் வாங்கிவிடுவது என்று முடிவுசெய்து, பதிவைக்கூட எழுதி வைத்துவிட்டார்கள். அக்காதான் தடுத்தாள்.

"அவரே திருத்துவார்டா, நீங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னா. எடைய சோதிக்கிறவரு, தப்புத் தராச வீட்ல வச்சிருக்க மாட்டாருன்னு சொன்னா." கருவிப் பையை அப்போதுதான் கீழே இறக்கினான். "நான் அவள வெறுப்பேத்துவேன் மாமா. திருத்தம் எப்ப வரும்னு தினம் காலைல அனுப்புவேன்."

கைபேசியை எடுத்து, தேடி, என் பக்கம் தள்ளினான். வலது ஓரத்தில் அவன் அனுப்பியவை. இடது ஓரத்தில் அவள் அனுப்பியவை.

இன்னைக்கு?

நாளைக்கு.

இன்னைக்கு?

நாளைக்கு.

விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நடுநடுவே பிறந்தநாள் வாழ்த்து, அம்மாவின் மருந்துச் சீட்டு, ஒரு பூனைப் படம். மறுபடி இன்னைக்கு, நாளைக்கு. சில நாள் அவள் சிரிக்கும் முகம் சேர்த்திருந்தாள். சில நாள் 'கண்டிப்பா நாளைக்கு' என்று எழுதியிருந்தாள். கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு ஐந்து.

நாளைக்கு.

அவன் கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தட்டைப் பலகையில் வைத்து, திருகு நாற்பத்தைந்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். இருந்தது. அவள் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து நான் அதைத் திருப்பவே இல்லை. கடைசிப் பாட்டின் முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் முள்ளை இறக்கினான்.

நகர மாட்டேன். நகர மாட்டேன்.

இன்னொருமுறை போட்டான். இன்னொருமுறை. ஒவ்வொருமுறையும் நாங்கள் மூச்சை இழுத்துக்கொள்வதற்குள் முடிந்துவிட்டது. நான்காவது முறை முள்ளை இறக்குவதற்கு முன் அவன் கை திருகுக்குப் போனது.

"மாமா, முப்பத்துமூணுல போட்டா கொஞ்ச நேரம் கூட இருப்பால்ல?"

நான் தலையசைத்தேன். நான்கு நொடி ஐந்தரை ஆகும். அதற்கு மேல் இல்லை.

தூக்கத்தில் முனகும் ஆள் வந்தார். எனக்குத் தெரியாத, கனத்த, பாதி ஆண்குரல். அவர் ஒவ்வோர் எழுத்தையும் தரையில் இழுத்துக்கொண்டு போனார். மச்சினன் முழங்காலில் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது 'மாட்டேன்' முடிகிற இடத்தில், கத்திய பிறகு அவள் மூச்சு வாங்குவது கேட்டது. நாற்பத்தைந்தில் அது வந்ததுபோலவே தெரியவில்லை.

அவன் கைபேசியில் யாரோ கூப்பிட்டார்கள், எங்கேயோ ஒரு ஏ.சி. ஒழுகுகிறது. அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான். தட்டை எடுத்துப் போ என்றேன். என்கிட்ட பிளேயர் இல்ல, ஞாயித்துக்கிழமை வரேன் என்றான். வாசலில் அவளுடைய செருப்புகளைத் தாண்டிக் காலை எடுத்துவைத்து, படியிறங்கிப் போனான்.

கீழே அவன் வண்டி கிளம்பும் சத்தம் உடனே கேட்கவில்லை. என் கைபேசி மேசையில், அவள் கையெழுத்துக் காகிதத்தின்மேல் அதிர்ந்தது. திரையில் அவன் பெயர். கீழே ஒரே சொல்.

இன்னைக்கு?

வண்டி கிளம்பியது. முள் கடைசி வட்டத்தில் மாட்டி டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது. தட்டு இன்னும் முப்பத்துமூன்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.