வெள்ளை வந்தால் கணக்கு

ஐந்தாம் பாரத்துக்குப் போகிறவன் கணக்கையோ சரித்திரத்தையோ விருப்பப் பாடமாக எடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை தென்காசிப் பள்ளிக்கூடத்தில் படிவத்தைக் கொடுக்க வேண்டும். கணக்கை எடுத்தால்தான் பின்னால் இஞ்சினியர் படிப்புக்கு வழி. எனக்குக் கணக்கு என்றால் உயிர். அம்மாவுக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே உயிர் போய்விடும்.

காரணம் அவள் தம்பி, என் மாமா சங்கிலிப்பாண்டி. கணக்கில் புலி. 1931 ஆடியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர் திரும்பவே இல்லை. செண்பகாதேவி அருவிப் பக்கம் ஒரு பாறை முழுக்கக் கரியால் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பாதியில் நின்றிருந்தது.

"மாடனக் கேட்ருவோம்," என்றாள் அம்மா. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் எங்கள் குலசாமி மாடன் முன்னால் போட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் கணக்கு, சிவப்பு வந்தால் சரித்திரம்.

அப்பா வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். பின்னால் தூக்கி வந்தவன் நான். மாடனை நம்பிப் படிப்பை விடுவதற்கு நான் என்ன மடையனா? இரண்டிலும் வெள்ளையே வைத்துக் கட்டிய வேறு இரண்டு பொட்டலம் என் மடியில் தயாராக இருந்தது. சிற்றாற்றைத் தாண்டும்போது அப்பா கட்டியதைப் பிரிக்காமலே தண்ணீரில் விட்டேன்.

நல்ல வெயில். ஆனாலும் மாடன் பீடத்தைச் சுற்றிக் குளிர்ந்து கிடந்தது. ஒரு காக்காய்ச் சத்தம்கூட இல்லை. அம்மா ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

சிவப்பு. அப்போதுதான் பறித்ததுபோல் ஈரமாக இருந்தது.

"என் சாமி," என்று அம்மா தரையில் விழுந்து அழுதாள். வாயைத் திறந்தால் நான் சாமியை ஏமாற்றப் பார்த்தது வெளியே வந்துவிடும்.

திரும்பும்போது அம்மாவை முன்னே நடக்கவிட்டு அப்பா மற்றப் பொட்டலத்தைப் பிரித்தார். அதிலும் சிவப்பு. அவர் முகம் வெளுத்துப் போனது.

"நான் ரெண்டுலயும் வெள்ளையத்தாம்லே வச்சேன்," என்றார் மெதுவாக. "நீ ஆசப்பட்டதப் படிக்கணும்னுதான். ஒங்கம்மைட்ட சொல்லிராத."

"நீங்க கட்டினது ஆத்தோட போயிட்டுப்பா. இது நான் கட்டினது. நானும் ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன்."

அப்பா பூவைக் கீழே போட்டுவிட்டுத் துண்டில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்காகச் சாமியையே ஏய்க்கத் துணிந்த மனிதர் என்று அப்போதுதான் தெரிந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல," என்றார். "நீ என்ன சொல்லுதியோ அதுலயே கையெழுத்துப் போடுதேன். சொல்லுலே."

ஒரு வார்த்தை போதும். கணக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சரித்திரம்," என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துக் கைகூப்பினார்.