போலி என்று சொன்ன ஜப்பான் பெட்டி

பழம்பொருள் வியாபாரிகள் அந்த மதிப்பீட்டாளர் அம்மாளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. பெற்ற தாயே வந்து நின்றாலும் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மா என்று கூப்பிடுவார் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவருக்கும் அது தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அன்றைக்கு மூன்றாம் மாடி வீடொன்றுக்கு அவரை வரவழைத்தது ஓர் அக்காவும் தம்பியும். அவர்களுடைய அம்மா போய்ச் சேர்ந்தபின் பாத்திரம் பண்டமெல்லாம் முகம் கோணாமல் பிரித்துக்கொண்டாயிற்று. மிச்சம் ஒரே ஒரு ஜப்பான் பெட்டி. கன்னங்கரேலென்று பளபளக்கும் அரக்குப் பூச்சு, மூடியில் சிப்பி பதித்த இரண்டு கொக்குகள். அசல் என்றால் விற்று ஆளுக்குப் பாதி, இல்லையென்றால் அக்காவுக்கு. இதுதான் பேச்சு.

தம்பி வந்து சேருவதற்குள் அக்கா அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். அது போலின்னு சொல்லிடுங்க.”

“நான் இன்னும் பெட்டியவே பாக்கலையே.”

“பாத்தா அசல்னுதான் சொல்லுவீங்க. அம்மா அதப் பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க. ஒரு ஊசிகூட உள்ள போட விட்டதில்ல. அத வித்துட்டா என்னால தாங்க முடியாது. காசு பணம் எதுவும் வேணாம், அம்மா ஞாபகமா அது ஒண்ணு போதும்.”

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. நடிப்பில்லை, நடிப்பைக் கண்டுபிடிப்பதும் அந்த அம்மாளின் தொழிலில் சேர்ந்ததுதான்.

“இருக்கிறதத்தான் சொல்லுவேன்,” என்றார் கறாராக. ஆனால் கூடத்துக்குத் திரும்பும்போது, பெட்டி போலியாகவே இருந்து தொலையட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். இத்தனை வருடத் தொழிலில் எந்தப் பொருளுக்காகவும் அவர் அப்படி வேண்டியதில்லை.

தம்பி ஆபீஸிலிருந்து அரக்கப் பரக்க வந்து உட்கார்ந்தான். ஊரில் எல்லோரும் பெட்டி என்றால் முதலில் மூடியைத் திறப்பார்கள். இவர் முதலில் கவிழ்ப்பார். மேல்பக்கம் வாங்குகிறவனுக்காகச் செய்தது, அடிப்பக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவர் கணக்கு. அடியில் ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் மூடியைச் சாய்த்தார். சிப்பி பச்சையிலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறியது. ஆனால் இரண்டு கொக்குக்கும் இறகுக்கு இறகு அச்சு அசல் ஒரே வெட்டு.

“செஞ்சது ஜப்பான்லதான். பழசும்தான். ஆனா இது மரம் இல்ல, மரத்தூளையும் பிசினையும் அச்சுல அழுத்தினது. மேல இருக்கிறது அரக்கு இல்ல, பெயின்ட். சிப்பி மட்டும் நெஜம். சுத்திப் பாக்க வர்றவங்களுக்காக ஆயிரக்கணக்குல செஞ்சு வித்தது. பெருசா ஒண்ணும் தேறாது.”

தம்பி மூடியிலிருந்த கொக்குகளை ஒருமுறை தடவிப் பார்த்தான். “அப்ப அக்காவுக்கே,” என்று எழுந்து வெளியே லிப்டுக்குப் போனான்.

கதவு சாத்தியதும் அக்கா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப நன்றி மேடம். முகத்துல ஒரு சின்ன மாத்தம் இல்லாம எப்படித்தான் சொன்னீங்களோ. அதென்ன மரத்தூளு, பிசினு. நானே நம்பிட்டேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. பொய் சொல்ல மறுத்து எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய்க்காகப் பாராட்டு வாங்கியது இன்றைக்குத்தான்.

“நான் சொன்னது நெஜம்மா.”

“சரி சரி, புரியுது,” என்று அக்கா கண்ணடித்தாள்.

கோபம் வந்துவிட்டது. அவளை ஜன்னலோரம் அழைத்துப் போய், கண்ணாடியைக் கையில் திணித்து, பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். “இந்தக் கோட்டப் பாருங்க. அச்சு ரெண்டும் சேர்ற எடம். மரத்துல இப்படி வருமா?”

அக்கா பார்த்தாள். தன் நகத்தாலும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

“அப்ப இத விக்கவே முடியாதா?”

“விக்க வேணாம்னுதானே சொன்னீங்க.”

“இப்ப இல்ல. பின்னாடி, ஏதாவது ஒரு அவசரம்னா…”

“முடியாது.”

அக்கா பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

“டேய், லிப்ட் வந்துடுச்சா? கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போ.”

அவன் வந்தான். அவள் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

“இந்தா, இத நீயே வச்சுக்கோ.”

“அக்கா, உனக்குத்தானே…”

“உனக்கு இல்லாததாடா?”

தம்பி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். “கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. நீ அழுவேன்னுதான் கேக்கல.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினான்.

“எங்க அக்கா மனசப் பாத்தீங்களா மேடம்?”

“பாத்தேன் தம்பி,” என்றார் அவர்.