பெட்டிக்குள் அடித்த மணி

விடிவதற்கு முன்பே மூன்று லாரிகள் வந்து நின்றுவிடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் அறையின் பச்சைத் துணிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும். அவிழ்த்தவுடன் முகத்தில் அடிக்கிற நாற்றம் பழகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதினாறு வருடமாக மூட்டை பிரிக்கிறேன், இன்றைக்கும் முதல் மூட்டைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குனிகிறேன். ரத்தக் கறை ஒரு பக்கம், மலம் ஒரு பக்கம், மருந்துக் கறை ஒரு பக்கம் என்று பிரித்துப் போட வேண்டும். மடிப்புக்குள் ஊசி கிடக்கும், நம் கையுறையில் ஓட்டை இருக்கும். பிரித்ததைத் தொட்டி அண்ணன் இயந்திரத்துக்குள் திணிப்பார். சலவைத் தொட்டி அவர் பொறுப்பு என்பதால் அவருக்கு அந்தப் பெயர். வெளுத்து வந்த ஈர விரிப்பை உதறி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, கொதிக்கும் இஸ்திரி உருளைக்குள் கொடுப்பது பெண்கள் வேலை. முன்னங்கையில் சூட்டுத் தழும்பு இல்லாவிட்டால் அவள் புதிதாக வந்தவள் என்று தெரிந்துகொள்ளலாம்.

என்னைப் பெட்டியக்கா என்பார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருவருடைய செல்போன் சட்டைப்பையிலிருந்து தொட்டிக்குள் விழுந்து, இயந்திரம் அரை நாள் நின்றது. மறுநாளே முதலாளி ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். வேலைக்கு வந்ததும் எல்லோரும் செல்லை அதில் போட்டுவிட வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்த பிறகுதான் திறக்கலாம். சாவியை என்னிடம் கொடுத்தார். நான் மூத்தவள், கை சுத்தம், எதிர்த்துப் பேசமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

உருளையில் நிற்கிறவர்களில் ஒருத்தி சிட்டுவின் அம்மா. சிட்டு அவளுடைய ஒரே பெண், ஏழு வயது. பேசுவது கொஞ்சம், ஆனால் எங்கள் மூட்டைகளில் கட்டியிருக்கும் எண் சீட்டுகளைக் கொடுத்தால் வரிசை பிசகாமல் அடுக்கிக்கொண்டே இருப்பாள். வகுப்பில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். வெளியே இழுத்தால் கடிப்பாள், பிறகு தன் கையையே கடித்துக்கொள்வாள். ஐந்து வயதிலேயே டீச்சர் ஒருத்தி அவளைக் கவனித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தை வளர்ச்சிப் பிரிவில் பெயரைப் பதியச் சொன்னாள். ஆட்டிசமா, கவனக்குறைபாடா, இரண்டுமா என்று டாக்டர்கள் மதிப்பிட்டுச் சான்று கொடுத்தால்தான் பள்ளிக்கூடம் துணை ஆசிரியை வைக்கும். தனியாரிடம் போய்ச் செய்துகொள்ளலாம்தான். அவர்கள் கேட்ட தொகையைச் சொன்னபோது தொட்டி அண்ணன், நம்மை எல்லாம் வெளுத்து இஸ்திரி போட்டு விற்றாலும் தேறாது என்றார்.

பதிந்து இருபத்தாறு மாதம் ஆகிவிட்டது. முறை வரும்போது காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் கூப்பிடுவோம், பெற்றவர்தான் பேச வேண்டும் என்று சொல்லி ஒரே ஒரு நம்பரை எழுதிக்கொண்டார்கள். அவள் கணவர் லாரியில் போகிறவர், பாதி நாள் சிக்னலே கிடைக்காத சாலையில் இருப்பார். அதனால் தன் நம்பரைக் கொடுத்தாள். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் செல்லை இடுப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் கேட்டும் பார்த்தாள். ஒருத்திக்கு விட்டால் நாற்பது பேருக்கும் விட வேண்டும் என்று அவர் கையை விரித்துவிட்டார். இதற்கிடையில் பள்ளிக்கூடம் சிட்டுவை அரை நாள் மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தது. இந்தப் பருவம் முடிவதற்குள் சான்று வராவிட்டால் அதுவும் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டாள். பருவம் முடிய ஏழு வாரம் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை. மணி ஒன்பதே முக்கால் இருக்கும். பெட்டிக்குள் ஒரு செல் அடித்தது. தகரத்தில் அதிர்ந்து அதிர்ந்து காது கூசியது. நின்றது. மறுபடி அடித்தது. மேஸ்திரி அந்தப் பக்கமிருந்து என்னை முறைத்தார். மூன்றாவது தரம் அடித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது, சிட்டுவின் ஞாபகம் வரவில்லை. எவளுடைய வீட்டுக்காரனோ சாவி தேடுகிறான் என்று முணுமுணுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த ஈரத் துண்டு மூட்டையைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்தேன். சத்தம் அடங்கியது. நான் குனிந்து அடுத்த மூட்டையைப் பிரித்தேன்.

இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். சிட்டுவின் அம்மா தன் செல்லை எடுத்துப் பார்த்தாள், நகரவில்லை. நம்பர் காட்டாத மூன்று அழைப்புகள், திருப்பிக் கூப்பிடவும் வழியில்லை. அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, இது அடிச்சுதா?"

"எனக்குக் கேக்கலையேம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அவளுக்கு ஒரு செய்தி வந்தது. மூன்று முறை அழைத்தும் பதில் இல்லாததால் குழந்தையின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, தேவையானால் புதிதாகப் பதிந்துகொள்ளவும் என்று இருந்தது. அரை நாள் லீவு போட்டு ஓடினாள். புதிதாகப் பதிந்தால் இப்போது முப்பது மாதம் ஆகும் என்று அங்கே சொன்னார்கள். சிட்டுவுக்குப் பத்து வயது நெருங்கியிருக்கும்.

அதற்கடுத்த நாள் அவள் வழக்கம்போல உருளையில் நின்றாள். அழவில்லை. எங்கள் துணிகளின் ஓரத்தில் எந்தப் பிரிவுடையது என்று முத்திரை குத்தியிருக்கும். அன்றைக்கென்று பார்த்து, குழந்தை வளர்ச்சிப் பிரிவின் சின்ன விரிப்புகள் ஒரு கூடை வந்து சேர்ந்தன. தன் பெண்ணை உள்ளே விடாத அறையின் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறினாள், முனை சேர்த்தாள், உருளைக்குள் கொடுத்தாள். ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. வேலையைப் போட்டுவிட்டு அவளிடம் போய்ச் சொன்னேன். மூன்று தரம் அடித்தது, கேட்டேன், துண்டு மூட்டையை எடுத்து வைத்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. எதிரே மறுமுனையைப் பிடித்திருந்த சின்னவள், கல்யாணமாகாத பெண், விரிப்பு தரையில் விழாமல் தாங்கிக்கொண்டாள்.

"கேக்கலன்னு சொன்னீங்களேக்கா" என்றாள் சிட்டுவின் அம்மா. "என் செல்லுலதான் கோளாறுன்னு நெனச்சேன். கழட்டிக் கழட்டிப் பாத்துட்டிருந்தேன். நானே சத்தத்தக் கொறச்சு வெச்சுட்டேனோன்னு என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.  அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், ஐம்பத்தாறு வயதில், அத்தனை பேர் முன்னால். அவள்தான் என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"பெட்டிய நீங்களா செஞ்சீங்க? எந்திரிங்க."

அன்றைக்கு டீ நேரத்தில் யாரும் டீ குடிக்கவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். மடிப்பு மேசைக்காரியின் மகன் பதினேழு மாதமாகப் பட்டியலில் இருக்கிறான். லாரி ஏற்றுகிறவரின் தங்கை பிள்ளைகள் இரண்டு பேர். எண்ணிப் பார்த்தால் எங்கள் ஷிப்டில் மட்டும் ஏழு வீடு. இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்கிறோம், சிட்டுவின் விஷயம் தவிர எதுவும் ஒருவருக்கொருவர் தெரியாது. ஊர் என்ன சொல்லுமோ என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தோம்.

தொட்டி அண்ணன் எப்போதும் ஏதாவது கிண்டல் பேசுகிறவர். அன்று தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "எம்பையன் ஒரு நிமிஷம் ஒரு எடத்துல உக்கார மாட்டான். திமிருன்னு நெனச்சு பெல்ட்டால அடிச்சிருக்கேன். போன வருஷம் ஸ்கூல்ல சொன்னாங்க, அது திமிரு இல்ல, ஏடிஎச்டின்னு ஒரு கவனக் கொறைபாடா இருக்கலாம், காட்டுங்கன்னு. பேரு குடுத்துட்டு வந்தேன், இன்னும் கூப்பிடல. அவன் மொறை வர்றதுக்குள்ள மீசை வந்துரும்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் அதற்காகச் சொல்லவில்லை. நாளைக்கு யாரும் பெட்டியில் செல் போடுவதில்லை என்று முடிவாயிற்று. யார் முதலில் சொன்னது என்று ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். நாற்பது பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் போடவில்லை. என் செல்லும் என் இடுப்பில்தான் இருந்தது. மேஸ்திரி பதறிப்போய் முதலாளிக்குச் சொல்ல, ஆறு மணிக்கெல்லாம் அவர் கார் வந்து நின்றது. அந்த நேரத்தில் அவரை நாங்கள் பார்த்ததே கிடையாது.

"இது சலவைக்கூடமா, டெலிபோன் ஆபீசா?" என்றார்.

சிட்டுவின் அம்மா உருளையை விட்டு வராமலே பதில் சொன்னாள். "வேல எதுவும் நிக்கல சார். ஒம்பதுல இருந்து பதினொன்னு வரைக்கும் எல்லார் செல்லும் அந்த மேசை மேல இருக்கும். ஒருத்தர் பாத்துக்குவாங்க. அவங்க வேலைய நாங்க பிரிச்சுக்கறோம். யாருக்காவது ஆஸ்பத்திரியில இருந்து வந்தா அவங்க மட்டும் போய்ப் பேசுவாங்க. அவ்வளவுதான் கேக்கறோம்."

"இன்னிக்கு ஆஸ்பத்திரின்னு சொல்வீங்க, நாளைக்கு மாமியார்னு சொல்வீங்க. ஒங்க வீட்டுக் கொழந்தைக்கு நானா பொறுப்பு?"

"கொழந்தைக்கு நான் பொறுப்பு. அந்த மூணு அழைப்புக்கு யாரு பொறுப்பு?"

அவர் என் பக்கம் திரும்பினார். சாவியைக் கொடு, வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றார். நான் நீட்டினேன். வாங்கி, சின்னவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மடிப்பு மேசைக்காரியிடம் நீட்டினார், அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். தொட்டி அண்ணன் தன் இரண்டு கையும் சோப்பாக இருப்பதைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் சாவி முதலாளி கையிலேயே நின்றது. அரை நாள் கூலி வெட்டுவேன், திங்கட்கிழமை வேறு மாதிரி பேசுவேன் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் யாரையும் வெளியே தள்ளவும் இல்லை. பத்து மணி லாரிக்குத் துணி போயாக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் விட்டதும் நாங்கள் ஒன்றாகவே ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். சிட்டுவின் அம்மா போய்ப் பெண்ணைக் கூட்டி வந்தாள். வளர்ச்சிப் பிரிவின் கூடத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். சிட்டு யாரையும் பார்க்காமல் சுவரை ஒட்டியே நடந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் கெட்டவள் இல்லை. மூன்று முறை கூப்பிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, ஆனால் மூன்றையும் ஒரே நாளில் கூப்பிடக்கூடாது என்று யாரும் எழுதவில்லை என்றாள். இந்த வட்டாரம் முழுக்க இரண்டே டாக்டர்கள், மூன்றாவது இடம் ஒன்றரை வருடமாகக் காலி என்றாள். பழைய இடத்தைத் திருப்பிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் மனு எழுதுங்கள் என்று ஒரு படிவத்தை நீட்டினாள். எல்லோரும் அதிலேயே கையெழுத்துப் போடுகிறோம் என்று தொட்டி அண்ணன் சொன்னதற்கு, ஒரு மனுவுக்கு ஒரு பெயர்தான் என்றாள்.

"அப்போ நாப்பத்தொரு படிவம் குடுங்கம்மா" என்றார் அவர்.

அவள் எங்களை ஒரு முறை பார்த்தாள். உள்ளே போய் ஒரு கட்டுப் படிவங்களை எடுத்து வந்து வைத்தாள். நாங்கள் பெஞ்சிலும் தரையிலும் ஒருவர் முதுகில் ஒருவர் வைத்தும் எழுதினோம். எங்களுக்கு முன்பே அங்கே காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து, எனக்கும் ஒன்று கிடைக்குமா, போன மாதம் எங்கள் பையன் பெயரையும் இப்படித்தான் எடுத்துவிட்டார்கள் என்று கேட்டார். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது, குழந்தைக்கு என்ன உறவு என்று. சின்னவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, அம்மாவோடு விரிப்புப் பிடிப்பவள் என்று எழுதினாள். என் முறை வந்தது. அந்தக் கட்டத்தில், மணி அடித்ததைக் கேட்டவள் என்று எழுதினேன். கீழே இப்படி எழுதினேன்: அழைப்பு வந்தபோது செல் தாயிடம் இல்லை. பூட்டிய பெட்டியில், என் பொறுப்பில் இருந்தது. மூன்று முறை அடித்தது. நான் எடுக்கவில்லை. தாய் மேல் எந்தத் தப்பும் இல்லை. குழந்தையின் இடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

சிட்டுவின் அம்மா அதை வாங்கிப் படித்தாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். சுற்றி நின்றவர்கள் யாரும் அழாதே என்று சொல்லவில்லை. அவள் அழட்டும் என்று பக்கத்திலேயே நின்றோம்.

நாலு மணிக்குக் கவுண்டர் கதவு இறங்கியது. மனுக்களில் பாதிக்குத்தான் முத்திரை விழுந்திருந்தது. மீதியை நாளைக்குக் கொண்டு வாருங்கள் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எங்களுக்கு ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும், இரண்டரைக்கு வந்துவிடுவோம் என்று தொட்டி அண்ணன் மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார். முத்திரை விழாத மனுக்களைச் சின்னவள் தட்டி அடுக்கி, துப்பட்டாவில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டாள். சிட்டு சுவரை ஒட்டி நடக்க, அவள் வேகத்துக்கு நாங்கள் எல்லோரும் மெதுவாக நடந்து வெளியே வந்தோம்.