எல்லாம் சரி எண்டு சொன்ன வாய்

சுகந்தி செத்ததுக்கு ஆஸ்பத்திரிக்காரர் கண்டுபிடிச்ச பரிகாரம் என்ன தெரியுமோ? அவளின்ரை மனிசன் பாலேந்திரனையே மொழிபெயர்ப்பாளராக்கினது. இனித் தமிழ்ப் பொம்பிளையள் பரிசோதனைக்கு வந்தால் அவரைத்தான் கூப்பிடுவினமாம். ராஜேஸ்வரி வந்து இதைச் சொல்லேக்கை நான் ஹோட்டல் லாண்டறியில படுக்கை விரிப்பு மடிச்சுக்கொண்டு நிண்டனான். கையில கிடந்ததைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, உவங்களுக்கு விசரோ எண்டு கேட்டன். பாவம், அவளிட்டைக் கேட்டு என்ன பிரயோசனம்.

சுகந்தி செத்தது எண்பத்தேழாம் ஆண்டு மாரிக்கை. சுவிஸில எங்கடின் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிச்சறுக்க வந்த சனம். அவளும் நானும் ஒரே ஹோட்டலில வேலை, மேல்மாடியில பக்கத்துப் பக்கத்து அறை. அவளுக்கு எட்டாம் மாசம். தலை பிளக்குது புனிதக்கா, கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது எண்டாள். செருப்புக்குள்ள கால் போகாது, அவ்வளவு வீக்கம். டொக்டரிட்டைச் சொல்லடி எண்டன். அவர் சொல்லுவார் எண்டாள். அவர் எண்டால் புருசன். நாங்கள் அப்பிடித்தானே. டொக்டருக்கு முன்னால மனிசன் கதைப்பான், நாங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருப்பம்.

பிறகுதான் எனக்கு விசயம் தெரிய வந்தது. ஆஸ்பத்திரியில இருந்து ஒரு பெட்டை ஃபோன் எடுத்து, கால் முறிஞ்ச ஆக்கள் நிறைய நிக்கினம், சுகந்திக்கு ஒரு குறையும் இல்லையெண்டால் பரிசோதனையைப் பிந்திப் போடலாமோ எண்டு கேட்டிருக்கிறாள். பாலேந்திரன் டொச்சில, அதுதான் ஜேர்மன் பாசையில, 'ஆலெஸ் கூட்' எண்டிட்டார். எல்லாம் சரியாம்!

ஏன் அப்பிடிச் சொன்னவர்? எங்கடை ஆக்களுக்கு அப்ப ஒரு பயம். வெள்ளைக் கோட்டுப் போட்டவனிட்டைச் சொல்லுறதெல்லாம் வெளிநாட்டவர் பொலிசுக்குப் போகும், வருத்தக்காரக் குடும்பம் எண்டு தெரிஞ்சால் அகதி வழக்குப் பிழைச்சுப் போகும், பிளேனில ஏத்தித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு. இதை ஆர் சொன்னது? ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தன் சொல்ல மற்றவன் நம்பினது. காய்ச்சல் கொதிச்சாலும் சிரிச்சுக்கொண்டு வேலைக்குப் போவினம், கோதாரி விழுந்த வீரம்.

அந்தக் கிழமை முடிய முதல் சுகந்திக்கு வலிப்பு வந்தது. இஞ்சத்தை ஆஸ்பத்திரியில ஏலாது, கூர் நகரத்துக்குக் கொண்டுபோகவேணும் எண்டினம். மலைப்பாதை பனியில மூடிக் கிடந்தது. தாயும் போய்ப் பிள்ளையும் போச்சு. அவளின்ரை செருப்பு என்ரை கதவடியில கிடந்தது.

அடுத்த மாரி தொடங்க முதல் ராஜேஸ்வரி. அவளும் லாண்டறியிலதான் வேலை. அவளுக்கும் எட்டாம் மாசம். அண்டைக்கு இஸ்திரிப் பெட்டியை வைச்சிட்டு நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாள். தலையிடியோ எண்டு கேட்டன். ஓம் அக்கா, கண்ணுக்குள்ள மின்னுது எண்டாள். சுகந்தியும் இதைத்தானே சொன்னவள். நாளைக்கு டொக்டரிட்டைச் சொல்லு எண்டன். பாலேந்திரன் அண்ணை சொல்லுவார்தானே எண்டாள்.

விடுவனோ நான்? அடுத்த நாள் அவளோடை வெளிக்கிட்டன். அவளின்ரை மனிசனுக்குச் சமையலறையில லீவு குடுக்கேல்லை. எனக்கும் குடுக்கேல்லை, நான் கேட்டால்தானே. மேற்பார்வைக்காரி பின்னாலை நிண்டு கத்தினாள், கத்தட்டும் எண்டு நடந்தன்.

டொக்டர் நல்ல மனிசன்தான். ஆனால் அவர் பாத்தது பாலேந்திரனின்ரை முகத்தை. வயித்தில பிள்ளை இருந்தது பாலேந்திரனுக்கெண்டு நினைச்சாரோ தெரியாது. ஏதும் குறை இருக்கோ எண்டு கேட்டார். பாலேந்திரன் அதைத் தமிழில கேட்டார். ராஜேஸ்வரி வழமைபோல நிலத்துக்குச் சொன்னாள், கொஞ்சம் தலையிடி அண்ணை, கண்ணுக்குள்ள மின்னுது, அது பரவாயில்லை எண்டு.

பாலேந்திரன் வாயைத் திறந்தார். நான் அவரின்ரை வாயையே பாத்துக்கொண்டு நிண்டன். திரும்பவும் அந்த எல்லாம் சரி வந்துதெண்டால், டொக்டரும் பாக்கட்டும் எண்டு செருப்பைக் கழட்டியிருப்பன். அவர் முகம் சுண்ணாம்பாப் போச்சு. பிறகு டொச்சில சொன்னார், எனக்கு அவ்வளவு டொச் விளங்கும்.

"இவவுக்குத் தலையிடி. கண் மின்னுது. என்ரை மனிசிக்கும் இப்பிடித்தான் இருந்தது. நான் சொல்லேல்லை."

டொக்டர் பேனையை வைச்சிட்டு எழும்பினார். ராஜேஸ்வரியின்ரை கையில பிரஷர் பட்டியைக் கட்டினார். இன்னொருக்கா அமத்திப் பாத்தார். பிறகு தாதியைக் கூப்பிட்டு அவசரமா என்னவோ சொல்ல, அவள் ஓடினாள். அம்புலன்ஸ் வருமட்டும் டொக்டர் பாலேந்திரனிட்டை ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டார். நீங்கள் பொலிசுக்கு அறிவிப்பியள் எண்டு பயந்தனான் எண்டார் இவர்.

டொக்டர் கண்ணாடியைக் கழட்டினார். "நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அதுதான் இஞ்சத்தைச் சட்டம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எனக்குத் தெரிஞ்ச லாண்டறி டொச்சில கேட்டன்.

"ஏன் அதை முதலே சொல்லேல்லை? சுகந்தியின்ரை முகத்தைப் பாத்து ஒருக்காவெண்டாலும் கேட்டியளோ?"

டொக்டர் அப்பதான் திரும்பி ராஜேஸ்வரியின்ரை முகத்தைப் பாத்தார். பாலேந்திரன் சுவரில சாய்ஞ்சு நிண்டு அழுதார். ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரேல்லை. இப்பவும் வரேல்லை.

பனி விழ முந்தின காலம், பாதை திறந்திருந்தது. கூரில அண்டைக்கே வெட்டிப் பிள்ளையை எடுத்தவை. பொம்பிளைப் பிள்ளை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒண்டும் இல்லை.

அதுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில ஆம்பிளையளை வெளியில இருத்திப்போட்டு என்னைக் கூப்பிடுகினம். டொச் காணாத இடத்தில கையால காட்டிக் கதைக்கிறன். ஆர் வந்தாலும் கதவைச் சாத்தினவுடனை முதல் சொல்லுறது ஒண்டுதான். இஞ்சை சொல்லுறது பொலிசுக்குப் போகாது பிள்ளை, எங்கை நோகுது சொல்லு. அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு நிமிசம்கூடச் செல்லாது. சுகந்திக்கு அதைச் சொல்ல இந்தப் பள்ளத்தாக்கில ஒருத்தரும் இருக்கேல்லை.