சூடு காட்டாத ஸ்பிரிங்

முலாம் தொட்டியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார் ஜஹாங்கீர். முகம் தெரிந்தது. அடுத்து அது அடுப்புக்குப் போக வேண்டும். தாராவியில் அவருடைய பட்டறையில் கெட்டி எஃகுச் சாமான் எதுவும் அடுப்பில் சூடு காட்டாமல் வாசலைத் தாண்டியதில்லை. இன்றைக்கு அவர் அதைத் துணியால் துடைத்து நேராக அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். அடுப்பின் பக்கம் திரும்பவே இல்லை, கடன்காரனைத் தெருவில் கண்ட மாதிரி.

ஸ்பிரிங் ஒரு நாற்காலிக்கு. நாற்காலி ஷகீலுக்கு. ஷகீல் அவருடைய தங்கை மெஹராஜின் புருஷன். தோல் பை வியாபாரி. வியாபாரிகள் சங்கத்தின் புதிய தலைவர். பின்னால் சாய்ந்தாடும் நாற்காலி ஒன்றைத் தலைவருக்கென்று செய்யச் சொல்லியிருந்தார்கள். நாற்காலி செய்கிற அப்ரார், பளபளப்பு வேலையை ஜஹாங்கீரிடம் தள்ளிவிட்டான். முதுகைத் தாங்குகிற ஸ்பிரிங்கும் அதில் சேர்ந்தே வந்தது. ஷகீலின் முதுகையே பார்சல் கட்டிக் கொடுத்ததாக ஜஹாங்கீர் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு வருஷத்துப் பகை. ஜஹாங்கீரின் மகள் அஸ்ரினின் நிக்காஹ் அன்று, அவரே முலாம் பூசிய சர்பத் தட்டை ஷகீல் சபை நடுவே நகத்தால் சுரண்டிக் காட்டினார். "மச்சான் முலாம் நகத்துக்கே உரியுதே வே!" சபை சிரித்தது. அன்று முதல் அவர் 'உரிஞ்ச ஜஹாங்கீர்'. ஐரோலியிலிருந்து சரக்கோடு வந்த லாரிக்காரன், அதுவும் மராட்டிக்காரன், அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டான். கூரையில் உட்காரும் புறாக்களும் அப்படித்தான் முனகின. இதை ஜஹாங்கீர் தம் காதாலேயே கேட்டிருக்கிறார்.

அடுப்பின் ரகசியத்தை அவருக்குச் சொன்னவர் வானமாமலை. செம்பூர் திலக் நகர்க்காரர், அணு ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டர் பம்பருக்கு முலாம் பூச வந்தவர் டீக்காக வந்துகொண்டே இருந்தார். உலோகத்துக்குள் ஹைட்ரஜன் எப்படி நடக்கிறது என்பதிலேயே வாழ்நாளைக் கழித்த மனிதர்.

"ஹைட்ரஜன்ல மூணு பிரதர்ஸ் பாய்," என்பார். "மூத்தவன் காத்து மாதிரி. லோக்கல் ட்ரெயின்ல ஏறுறாப்ல இரும்போட இடுக்குல பூந்து ஓடிடுவான். ரெண்டாமவன் குண்டு, மெதுவாத்தான் போவான். மூணாமவன் இன்னும் கனம், அவனவிட மெது. ஆனா அவனுக்கு ஆயுசு கெட்டியில்ல. பன்னெண்டு வருஷத்துல பாதி கரைஞ்சுடுவான்."

ஆசிட் தொட்டியில் எஃகுக்குள் புகுகிறவன் மூத்தவன். சூடு காட்டினால் வந்த வழியே போய்விடுவான். காட்டாவிட்டால் உள்ளேயே பதுங்கியிருப்பான். எஃகை முறுக்கி எங்கே இழுக்கிறோமோ அங்கே கூட்டம் கூடுவான். கூடி, ஒருநாள் டக்கென்று உடைப்பான். எப்போது என்று அவனுக்கே தெரியாது.

தம் கோபம் மூணாமவன் ஜாதியாக இருக்குமோ என்று ஜஹாங்கீர் யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பாதியாவது குறைந்திருக்க வேண்டுமே! நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். முழுசாக இருந்தது.

அன்று டீக்கு வந்த வானமாமலை, பெட்டியிலிருந்த நாற்காலி ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு அடுப்பின் மேல் கையை வைத்தார். "என்ன பாய், ஜில்லுனு இருக்கு?"

"அது சாதா இரும்பு சார். சூடு வேண்டாம்."

"யார் உக்காரப்போறா?"

"எம் மச்சான்."

"ஓஹோ," என்றார் வானமாமலை. தம் டீயைக் குடித்தார். பிறகு ஜஹாங்கீருடைய டீயையும் எடுத்துக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலைவர் பதவியேற்பு விழா. ஜஹாங்கீர் அத்தர் பூசி முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார வந்த வானமாமலை மேடையைப் பார்த்தார், தூரத்தை மனசுக்குள் அளந்தார், எழுந்து நாலு வரிசை பின்னால் போய்விட்டார்.

ஷகீல் உட்கார்ந்தார். மாலை போட்டார்கள். சாய்ந்தார். ஜஹாங்கீர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். நாற்காலி பின்னால் போய், சொகுசாகத் திரும்பி வந்தது. இன்னொரு தரம் சாய்ந்தார். திரும்ப வந்தது. இரும்புக்குக்கூட ஆள் பார்த்து மரியாதை செய்யத் தெரிகிறது என்று ஜஹாங்கீர் பல்லைக் கடித்தார்.

ஷகீல் எழுந்து மைக்கைப் பிடித்தார். "ஒரு கல்யாணத்துல நான் ஒரு தட்டச் சொரண்டுனேன், ஞாபகம் இருக்கா?" சபை சிரித்தது. ஜஹாங்கீரின் காது மடல் சுட்டது. "அன்னைக்குச் சிரிச்சவங்க எல்லாரும் இங்கதான் இருக்கிய. இப்பப் பாருங்க வே." பையிலிருந்து சாவியை எடுத்து நாற்காலியின் கையில் அழுத்திச் சுரண்டினார். கிறீச்சென்ற சத்தம் மைக்கில் ஏறி எல்லோர் பல்லையும் கூச வைத்தது. "உரியுதா? ஒரு கீறல் கெடையாது. தப்பு எம்மேலதான். இனி எவனாவது எம் மச்சானுக்குப் பட்டப்பேரு சொன்னான், அவன் தோலுல பை தச்சிருவேன். மச்சான், மேல வாங்க! ஒங்க சாமான்ல ஒரு தரம் நீங்க உக்காரணும்."

கைதட்டினார்கள். பன்னிரண்டு வருஷம் கரையாதது, அடுப்பில் வைத்த மாதிரி ஒரே நிமிஷத்தில் ஜஹாங்கீரை விட்டு வெளியேறியது. ஸ்பிரிங்குக்குள் இருப்பது மட்டும் அங்கேயே இருந்தது.

"வேண்டாம் மச்சான். நீங்களும் அதுல..." என்றார். என்ன சொல்வது? என் முலாம் சரியில்லை என்றா? இந்தச் சபையில், இப்போதா?

"கூச்சத்தப் பாரு இவருக்கு!" என்று கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார் ஷகீல். ஜஹாங்கீர் முதுகு படாமல் விறைப்பாக உட்கார்ந்தார். கீழே மெஹராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொபைலை உயர்த்தினாள். நாலு வரிசை தாண்டி, வானமாமலை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கிற உத்தேசம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"சாயுங்க மச்சான், பயப்படாதிய. பின்னாலதான் நான் நிக்கேன்."

எங்கேயோ டக்கென்றது. மெஹராஜின் மொபைலாக இருக்கலாம். ஷகீலின் இரண்டு கைகளும் அவருடைய தோளைப் பிடித்துப் பிரியமாகப் பின்னால் இழுத்தன. நாற்காலிக் கையின் பளபளப்பில், ஒன்றின் பின் ஒன்றாக நீண்டு தெரிந்த இரண்டு முகங்கள் மெல்லச் சாயத் தொடங்கின.