நனைந்த பிரஷ்

மாமனாரின் பல் துலக்கும் பிரஷ்ஷை ஆஸ்பத்திரிக் குழாயில் காட்டி நனைத்து, டம்ளரில் நிறுத்தி வைத்தாள் மருமகள். நர்ஸ் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். இருமினால் தையல் இழுத்தது. வலிக்குப் பயந்து அவர் இருமலை அடக்கினார். வாயிலிருக்கும் கிருமி நெஞ்சுக்குள் இறங்கினால் நிமோனியா என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பல் செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஈறையும் நாக்கையும் தேய்க்க வேண்டும். தூங்கும்போது செட்டு வாயில் இருக்கவே கூடாது.

கையைத் தூக்க முடியாதவருக்கு யார் செய்வது? மகன் வேலை பார்ப்பது கப்பலில். மருமகள் முன்னால் அவர் சட்டையில்லாமல்கூட நின்றதில்லை. சலூன் வைத்திருந்தவர். மீசையில் ஒரு முடி விலகினாலும் கண்ணாடி கேட்பார்.

"பொக்க வாய நீ பாக்கணுமா? பிரஷ்ஷ நனைச்சு வச்சிரும்மா. தேய்ச்சாச்சுன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களே மாமா."

"அது பெரிய வித்தையா? உன் சமையல் நல்லாருக்குன்னு நான் சொல்றதில்ல?"

அன்று அவள் சிரித்துவிட்டாள். அதிலிருந்து தினமும் நனைத்தாள்.

இன்று அவர் மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கொரகொரத்தது. நர்ஸ் காய்ச்சல் பார்த்தாள். கருவியை உதறிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"வாய் சுத்தம் பண்றீங்கல்ல?"

டம்ளரில் பிரஷ் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மருமகளைப் பார்த்து, நர்ஸுக்குத் தெரியாமல், 'ஆமான்னு சொல்லு' என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"இல்ல சிஸ்டர். நான்தான் நனைச்சு வைப்பேன். ஒரு தடவகூடத் தேய்க்கல."

நர்ஸ் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டாக்டரக் கூப்பிடறேன். எக்ஸ்ரே எடுக்கணும். நீங்க செட்டக் கழட்டி வாயச் சுத்தம் பண்ணுங்க" என்று வேகமாகப் போனாள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "காட்டிக் குடுத்திட்டியேம்மா."

அவள் திரையை இழுத்துவிட்டு, கட்டிலை நிமிர்த்தினாள். கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாள்.

"நான் வேணா கண்ண மூடிக்கவா மாமா?"

"மூடிக்கிட்டு எங்க தேய்ப்ப? மூக்குலயா?"

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் அவர் குனிந்து, செட்டை நாக்கால் தள்ளி அவள் உள்ளங்கையில் விட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. கன்னம் இரண்டும் உள்வாங்கி, அது வேறு யாரோ ஒருவரின் முகமானது.

இரண்டு விரலை மோவாயில் கொடுத்து மெல்ல நிமிர்த்தினாள். எத்தனையோ பேரின் மோவாயை அப்படி நிமிர்த்தியவர், தன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் போலவே கண்ணை மூடி, வாயைத் திறந்தார். உள்ளே அந்தக் கொரகொரப்பு கேட்டுக்கொண்டிருந்தது.