மாமாவின் காபி நிர்வாகம்

தையற்கூடத்தில் அவனைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்கிப் போட்ட சட்டைத் துணியில், சாக்பீஸ் கோட்டின் மேல் அவன் வெட்டினால் அடியில் கிடக்கும் துணிகூட நூல் பிசகாது. முன்பொரு சமயம் காதுக்குள் குரல்கள் கேட்டு, தண்ணீரில் விஷம் என்று குழாயைக் கட்டி வைத்தவன் அவன். மனச்சிதைவு என்றாள் டாக்டர். மாத்திரை அந்தக் குரல்களை அடக்கி, அவனை வேலைக்குத் திருப்பி அனுப்பியது.

இப்போது கை நடுங்கியது. கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம். மாஸ்டர் திட்டவில்லை. "கொஞ்ச நாள் பட்டன் தைக்கிறியா?" என்றார். திட்டியிருக்கலாம்.

வீட்டில் அக்காவின் கணவர், கண்காணிப்பாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றும் கண்காணிப்பிலிருந்து ஓய்வு பெறாதவர், விசாரணையைத் தொடங்கினார்.

"மாத்திரையை முழுங்குறியா, துப்புறியா? மேற்பார்வை இல்லாம உலகத்துல எதுவும் உருப்பட்டதில்ல தம்பி."

"உங்க சர்க்கரை மாத்திரையை யாரு மேற்பார்வை பாக்குறா?" என்றாள் அக்கா.

"நான் நம்பகமான ஆளு."

காலைக் காபித் துறையும் மாமாவின் பொறுப்பில்தான் இருந்தது. அந்தக் காபி கசக்கிறது, ஏதோ கலந்திருக்கிறது என்று கத்தரி சொன்னதும் அக்காவின் முகம் வெளுத்தது. மாமா கம்பீரமாகத் தலையை ஆட்டினார். "ஆரம்பிச்சாச்சு. டோஸை ஏத்தச் சொல்லணும்."

மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மாமா வாயைத் திறப்பதற்குள் கத்தரியே சொன்னான்: "காபில யாரோ எதையோ கலக்குறாங்கன்னு தோணுது டாக்டர். நெஜமா, வியாதியான்னு எனக்கே தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க."

தன் மனசையே சாட்சிக் கூண்டில் நிறுத்த எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? மாமாவுக்கு வராது.

"குரல் கேக்குதா?"

"இல்ல."

டாக்டர் அவன் முழங்கையை மடக்கி நீட்டினாள். பல்சக்கரம் போல விட்டு விட்டு நகர்ந்தது.

"இது மருந்து கொறைஞ்ச கை இல்ல, கூடிப்போன கை. மூளைல டோபமைன்னு ஒரு ரசாயனம். அது அளவுக்கு மீறி வந்து உட்கார்ந்தா இல்லாத குரல் கேக்கும், எல்லாமே சதியாத் தெரியும். பஸ்ல சீட்டுக்குத் துண்டு போடுற மாதிரி, மாத்திரை முன்னாடியே போய் அந்த எடத்தப் புடிக்குது. பாதிக்கு மேல புடிச்சாப் போதும். மொத்த பஸ்ஸையும் புடிச்சுட்டா, கைய லேசா அசைக்க வேண்டிய டோபமைனுக்கும் எடமில்லாமப் போயிடும். நான் குடுத்தது இவ்வளவு இல்லையே. மிச்சம் எங்கேர்ந்து வந்துச்சு?"

மாமா மின்விசிறியை ஆராய்ந்தார். அக்கா அவரையே பார்த்தாள்.

"அதே மாத்திரைய வாங்கிப் பொடி பண்ணி... தெனம் காபில... அவன் துப்புறான்னு நெனச்சு..."

"அடப் பாவி மனுஷா! என் தம்பியப் பைத்தியம்னு ஆக்கப் பாத்தீங்களே!"

கத்தரியின் தாடை இறுகியது. டாக்டர் மெல்லச் சொன்னாள்: "கோபத்துல மருந்தையே நிறுத்திடாதீங்க."

"மருந்து மேல எனக்கென்ன கோபம்? ரெண்டு பங்கு குடுத்தாங்க, ரெண்டு பங்கு வேலை செஞ்சுது." மாமா பக்கம் திரும்பினான். "என் மாத்திரைய நானே போட்டுக்குறேன் மாமா. நீங்க உங்களுதப் பாருங்க."

சில வாரங்களில் நடுக்கம் அடங்கியது. குரல்களும் வரவில்லை. வெட்டு மேசையில் மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கத்தரி கோட்டோடு போய், வளைவில் வளைந்து, வெளியே வந்தது. மாஸ்டர் அடுத்த துணியை விரித்தார்.